செம்புக்கு வந்த மரியாதை

ராத்திரி பதினோரு மணிக்கு அமெரிக்காவிலிருந்து பையன் போன் பண்ணினால் தகப்பனுக்கு வயிற்றில் புளி கரைக்குமா, கரைக்காதா? எனக்குக் கரைத்தது. ஒண்ணு பணமாக இருக்கும், இல்லேன்னா பெண்ணாக இருக்கும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்தேன்.

"அப்பா, நான் டூர் போறேன்!"

"படிக்கப் போனவனுக்கு டூர் எதுக்குடா?"

"கொயர்ப்பா! யுனிவர்சிட்டி ஆண்கள் கொயர். ஆடிஷன்ல என்னை எடுத்துட்டாங்க. நாற்பது பேர், ஒரு பஸ், எட்டு நாள், ஆறு ஊர். அடுத்த வாரம் கிளம்பறோம்!"

நங்கநல்லூரில் இருந்த வரைக்கும் பாத்ரூமில்கூட வாயைத் திறக்காத பையன் சார் இவன். அங்கே போய்க் கச்சேரி பண்ணுகிறானாம்.

"நீ என்னடா பாடப் போறே?"

"நான் பேஸ்ப்பா."

"பேஷ்!" என்றேன்.

"ஐயோ, பேஷ் இல்லே. பேஸ்!"

அப்புறம் பொறுமையாக விளக்கினான். ஆண்கள் கொயரில் நாலு வரிசை. மேல் சுருதியில் டெனர் ரெண்டு, நடுவில் பாரிடோன், அடியில் பேஸ். ஒரே பாட்டை நாலு பேரும் நாலு வழியில் பாடிக்கொண்டு போய் ஒரே இடத்தில் சேரணும். "நம்ம வீட்லயும் நாலு பேர் நாலு வழியில போறோம். சேர்றதுதான் கிடையாது" என்றாள் என் மனைவி, பக்கத்திலிருந்து.

கறுப்புக் கோட்டு, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி டை. போகிற ஊரில் லாட்ஜ் கிடையாது; பழைய மாணவர்கள் வீடுகளில் ரெண்டு ரெண்டு பேராகப் படுக்கை. சாப்பாடும் அவர்களே. எல்லாவற்றையும் உலக அதிசயம் மாதிரி சொல்லிக்கொண்டே போனான். கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல், "டேய், நானும் டூர் போனவன்தான்டா!" என்று விட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"நீங்களா? பாடவா? என்ன பார்ட்? டெனரா, பேஸா?"

"அது பெரிய கதைடா."

"கிளாஸ் இருக்கு. டூர்லேர்ந்து கூப்பிடறேன், அப்போ சொல்லுங்க" என்று வைத்துவிட்டான்.

அவனுக்குச் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒத்திகை பார்த்துக்கொள்கிறேன். போரடித்தால் சொல்லுங்கள், சுருக்கிக்கொள்கிறேன்.

*

அமெரிக்காவில் காலேஜ் பையன்கள் கோஷ்டி சேர்த்துப் பாடுவது பழைய வழக்கம். ஹார்வர்டில் 1858-ல் ஆரம்பித்தார்கள், மிச்சிகனில் 1859-ல். நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டி 1857-ல் பிறந்தது. அதாவது ஹார்வர்டு பையன்கள் பாட ஆரம்பித்தபோது நம்ம யுனிவர்சிட்டிக்கு வயசு ஒன்று. அதுவும் பாடியிருக்கும், தொட்டிலில்!

நம்ம ஊரிலும் கொயர் இல்லாமல் இல்லை. சினிமாவுக்கு இசையமைத்த எம்.பி.சீனிவாசன் 'மெட்ராஸ் யூத் கொயர்' என்று ஆரம்பித்து, சேர்ந்து பாடுவதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். 1988-ல் அவர் காலமானதுகூட ஊரைவிட்டு வெகுதூரத்தில், லட்சத்தீவில்தான்.

ஆனால் எங்க பேட்டையில் அதற்கு வேறு பெயர். பஜனை கோஷ்டி. நங்கநல்லூரில் தடுக்கி விழுந்தால் கோயில் வாசலில் விழலாம். எழுந்தால் ஒரு கோஷ்டிக்காரர் கையைப் பிடித்துத் தூக்குவார். காலையில் பழவந்தாங்கல் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்கு மூச்சிரைக்க ஓடுகிற பேங்க்காரர், ஏ.ஜி. ஆபீஸ்காரர், ரயில்வேக்காரர் எல்லாரும் சனிக்கிழமை சாயங்காலம் சட்டையைக் கழற்றி, அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டி, ஜால்ராவை எடுத்துவிட்டால் வேறு ஆசாமிகள்!

எங்கப்பா அதில் ஒருத்தர்.

வருஷம் 1994, தை மாசம். அப்பா மத்திய சர்க்கார் ஆபீஸில் செக்ஷன் தலைவர். வயசு ஐம்பத்தேழு. அப்போது 58-ல் ரிடையர்மெண்ட். இன்னும் எட்டு மாசம். அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பி.காம்., ஃபர்ஸ்ட் கிளாஸ். பேங்க் பரீட்சை நாலு தடவை எழுதியவன். பரீட்சை என்னைப் பார்த்துப் பழகிவிட்டதே தவிர, பாஸ் பண்ணவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனியிலிருந்து வேலைக்கான ஆர்டர் வந்தது. என்ன வேலை? தரையைச் சுத்தம் பண்ணுகிற மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் பெல் அடித்து விற்கணும். சம்பளம் கொஞ்சம், கமிஷன் மிச்சம். பத்து நாளைக்குள் சேரணும்.

"வீடு வீடாப் போய் பெல் அடிக்கறதா? இதுக்கா பி.காம். படிச்சேன்? தெரிஞ்சவா யாராவது கதவைத் திறந்தா மானம் போயிடும்" என்று குதித்தேன்.

அப்பா பேப்பரைக் கொஞ்சம் இறக்கி என்னைப் பார்த்தார். மறுபடி ஏற்றிக்கொண்டார். எங்க வீட்டில் அப்பாவோடு பேச்சுவார்த்தை என்றால் அவ்வளவுதான். இருபத்துநாலு வருஷத்தில் அவர் முகத்தைவிட 'ஹிண்டு'வின் கடைசிப் பக்கத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த ஆர்டர், காலண்டருக்குப் பின்னால் போய்ச் சொருகிக்கொண்டது.

அதே வாரம் கோஷ்டியில் ஒரு நெருக்கடி. தஞ்சாவூர் ஜில்லாவில் நாலு நாள் டூர் ஏற்பாடு ஆகியிருந்தது. சுருதிப் பெட்டி தூக்கி, ஹார்மோனியம் ஏற்றி இறக்குகிற பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மாதான் சொன்னாள்:

"இவனைக் கூட்டிண்டு போங்கோ. ஆத்துல இருந்தா மூணு வேளை சாப்பிடறான். அங்கே போனா ஊரார் செலவு."

எனக்கு மறுக்க வாய் இல்லை. சாப்பாடு விஷயத்தில் அம்மா சொன்னது புள்ளிவிவரம்.

கிளம்புகிற அன்றைக்கு அக்கா ஒரு நோட்டைக் கொடுத்தாள். நாற்பது பக்க நோட்டு. தோடய மங்களத்திலிருந்து ஆஞ்சநேய உற்சவம் வரை அத்தனை பாட்டும் முத்து முத்தாகத் தமிழில். அஷ்டபதி இருபத்துநாலும் அவளுக்கு மனப்பாடம். அப்பா வீட்டில் முணுமுணுக்கும்போது அடி தப்பினால் சமையலறையிலிருந்து எடுத்துக்கொடுப்பாள். ஆனால் கோஷ்டி ஆண்கள் கோஷ்டி. நோட்டு டூர் போச்சு; அக்கா போகவில்லை. அப்போது எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

*

பன்னிரண்டு பேர் போகிற வேன். நாங்கள் பதினாலு பேர், ஒரு ஹார்மோனியம், ரெண்டு மிருதங்கம், ஒரு டோலக், அப்புறம் பட்சண டின்கள். பாகவதர் மாமா பேங்கில் ஹெட் கேஷியர். பாட்டையும் எண்ணி எண்ணித்தான் பாடுவார். மிருதங்க மாமா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், தூக்கத்தில்கூட யாராவது தோளில் சாய்ந்தால் "டிக்கெட்?" என்பார். ஹார்மோனியம், ஸ்கூலில் கணக்கு வாத்தியார்.

கும்பாபிஷேகத்துக்குக் காத்திருந்த 32 அடி ஆஞ்சநேயருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினோம். (கும்பாபிஷேகம் அடுத்த வருஷம், 1995-ல் நடந்தது.) திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு என்று வேன் குலுங்கிக் குலுங்கிப் போய், அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டும்போது என் இடுப்பில் வேஷ்டி இல்லை, மடியில் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவை வேஷ்டி கட்டியவன். அதற்கப்புறம் பேண்ட் பெல்ட்டை மேலே போட்டு இறுக்கிக்கொண்டேன். நாலு நாளும் பெல்ட்தான் என் மானத்தைக் காப்பாற்றியது.

ஏன் கும்பகோணம் பக்கம்? பஜனைக்காரர்களுக்குக் காசி ராமேஸ்வரம் எல்லாம் அங்கேதான். கர்நாடக சங்கீதத்துக்குத் திருவாரூரில் பிறந்த மும்மூர்த்திகள் மாதிரி, பஜனை சம்பிரதாயத்துக்கும் மூன்று பேர். கோவிந்தபுரத்தில் போதேந்திராள், திருவிசைநல்லூரில் ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூரில் சத்குரு சுவாமிகள். மூன்றும் கும்பகோணத்தைச் சுற்றியே.

போதேந்திராள் 1692-ல் சித்தியானவர். காலப்போக்கில் அவர் சமாதி இருந்த இடமே காவேரி மணலில் மறைந்துபோனதாம். பின்னால் மருதாநல்லூர் சுவாமிகள் மணலில் நடந்து நடந்து, ராம நாமம் காதில் விழுந்த இடத்தை இதுதான் என்று கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். இப்போதும் அங்கே போகிறவர்கள் காதை வைத்துக் கேட்பதுண்டு. நானும் வைத்தேன். மிருதங்க மாமாவின் குறட்டைதான் கேட்டது. அவர் பக்கத்து மண்டபத்தில் சாய்ந்திருந்தார்.

இன்றைக்கு எந்த ஊர் பஜனையிலும் பாடுகிற வரிசை மருதாநல்லூர் சுவாமிகள் சுமார் இருநூறு வருஷத்துக்கு முன்னால் போட்டுக்கொடுத்ததுதான். முதலில் தோடய மங்களம், அப்புறம் குரு கீர்த்தனை, ஜெயதேவர் அஷ்டபதி, நாராயண தீர்த்தர் தரங்கம், பத்ராசல ராமதாஸர், புரந்தரதாஸர், சதாசிவ பிரம்மேந்திரர் என்று போய், நடுராத்திரியில் குத்துவிளக்கைச் சுற்றி ஆடிப் பாடுகிற திவ்யநாமம். சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம், மராத்தி, தமிழ் எல்லாம் வரும். பாதிக்கு எங்களுக்கு அர்த்தம் தெரியாது. அதனால் என்ன? முக்கால்வாசிப் பேர் மத்திய சர்க்கார் ஊழியர்கள். புரியாத பாஷையில் சர்க்குலர் வந்தால் பவ்யமாக வாங்கிக்கொள்வது அவர்களுக்குப் பழக்கம்தானே!

பையனுடைய கொயருக்கும் எங்க கோஷ்டிக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று. எங்களிடம் நாலு வரிசை கிடையாது. ஒரே ஸ்வரம், எல்லாருக்கும். பாகவதர் ஒரு வரி பாடுவார், நாங்கள் அதையே திருப்பிப் பாடணும். அதற்குப் பின்பாட்டு என்று பெயர். முதல் நாள் ராத்திரி கணக்கு வாத்தியார் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார்:

"அவர் மூச்சு வாங்கற எடத்துல நாம பாடறோம். நாம மூச்சு வாங்கற எடத்துல அவர் பாடறார். பாட்டு மட்டும் மூச்சே வாங்கப்படாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. பாகவதருக்குச் சுருதி ஒன்றரைக் கட்டை. எனக்கு எத்தனை கட்டை என்று யாருக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் ஜால்ரா மாமா, "நீ வாயை மட்டும் அசை, அது போதும்" என்றார்.

அன்றைக்கு நடுராத்திரி ஹார்மோனியத்தில் ஒரு கட்டை அமுங்கியது அமுங்கியபடியே நின்றுவிட்டது. 'ங்ஙீ...' என்று ஒரே சத்தம். வாத்தியார் பெட்டியைத் தட்டினார், குத்தினார், கடைசியில் திட்டினார். பாகவதர் அசரவில்லை. கையைக் காட்டி வாத்தியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, வெறும் கைத்தாளத்தில் திவ்யநாமத்தை ஆரம்பித்தார். விளக்கைச் சுற்றி வட்டம் கட்டினார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். எங்கப்பா, பஞ்சகச்சம், கால் சலங்கை, வேர்வை வழிகிற முகத்தோடு, கையைத் தூக்கிக் குதித்துக் குதித்து ஆடுகிறார்! சின்னப் பையன் மாதிரி சிரிக்கிறார். மாடிப்படி ஏறினால் முட்டி வலி என்கிறவர். ஆபீஸில் இவர் நடந்து வந்தால் டைப்ரைட்டர் சத்தம்கூடக் குறையும் என்பார்கள். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கு வேறு மாதிரி ஒரு வருத்தம் வந்தது. இந்த மனுஷரை வீட்டில் நான் ஒரு நாளாவது பார்த்திருக்கிறேனா?

*

மூணாம் நாள் திருவையாறு. தியாகராஜ ஆராதனை முடிந்து, பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய வித்வான்கள் பஞ்சரத்தினம் பாடிவிட்டுப் போன இடத்தில், மூங்கில் கட்டுகளுக்கு நடுவே நாங்கள் உட்கார்ந்து பாடினோம். கேட்டவர்கள், பந்தல்காரர்கள் ஏழு பேர். அதில் ரெண்டு பேர் மேலே ஏறியிருந்தார்கள், இறங்கிப் போக முடியாது.

பஞ்சரத்தினம் வித்வான்களுக்கு. ஆனால் அதே தியாகராஜர் திவ்யநாமக் கீர்த்தனைகள், உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகள் என்று சுலபமான மெட்டில் நிறைய பண்ணி வைத்திருக்கிறார். எங்களை மாதிரி ஆசாமிகளும் சேர்ந்து பாடலாம். அந்தச் சமாதிக் கோயிலை 1920-களில் தன் சொத்தைப் போட்டுக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். கட்டினவரையே, பெண் என்பதால் ஆராதனையில் பாட விடவில்லை. அவர் அசராமல் பெண்களைச் சேர்த்துத் தனியாகவே ஆராதனை நடத்தினார். சமாதிக்கு எதிரே அவருக்கும் சிலை இருக்கிறது. அதைப் பார்த்தபோது என் மடியில் அக்கா எழுதிக்கொடுத்த நோட்டு இருந்தது.

நாலாம் நாள் காலை, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். விடியற்காலை பாகவதர் மாமா ஒரு பித்தளைச் செம்பைக் கழுவி, நாமம் போட்டு, துளசி சுற்றினார்.

"இன்னிக்கு உஞ்சவிருத்தி. புதுசா வந்தவன் செம்பை எடுத்துக்கட்டும்."

உஞ்சவிருத்தி என்றால் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டே போய், வீட்டுக்காரர்கள் போடுகிற அரிசியை வாங்கிக்கொள்வது. அந்த அரிசியில்தான் அன்றைக்குச் சமையல். தியாகராஜரே அப்படித்தான் குடும்பம் நடத்தினார். வாயால் கேட்கக் கூடாது. நிற்கணும், பாடணும், போட்டால் வாங்கிக்கணும், போடாவிட்டால் அடுத்த வீடு.

பி.காம்., ஃபர்ஸ்ட் கிளாஸ், கையில் செம்போடு!

முதல் வீடு பூட்டிக் கிடந்தது. ரெண்டாவது வீட்டில் எங்களைப் பார்த்ததும் ஒருத்தர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். எனக்குக் காது ஜிவ்வென்று சிவந்தது. அப்பா பக்கத்தில் பாடிக்கொண்டே வந்தார், நிறுத்தவே இல்லை.

நாலாவது வீடு, ஓடு சரிந்த வீடு. ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, "செத்த இருங்கோ" என்று உள்ளே போனாள். டப்பாவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஓர் ஆழாக்கில் முக்கால்வாசி அரிசி கொண்டுவந்தாள். அதுதான் டப்பாவில் இருந்தது என்று தெரிந்தது. மெதுவாகச் செம்பில் போட்டாள். அப்புறம், என்னைவிட ஐம்பது வயசு மூத்தவள், வாசலில் விழுந்து நமஸ்காரம் பண்ணினாள்.

நான் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தேன். "ஐயையோ, பாட்டி... எனக்குப் போய்..."

அப்பா என் காதோரம் குனிந்தார். பாட்டின் நடுவே, பாகவதர் மூச்சு வாங்கிய இடத்தில், தான் பாட வேண்டிய வரியை விட்டுவிட்டுச் சொன்னார்:

"உனக்கில்லைடா. செம்புக்கு. முன்னாடி கதவைச் சாத்தினாரே, அதுவும் உனக்கில்லை."

அவ்வளவுதான். அடுத்த வரியில் சேர்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் முப்பது வீடாவது ஏறி இறங்கியிருப்போம். சிலர் போட்டார்கள், சிலர் போடவில்லை. ஒரு வீட்டில் நாய் துரத்தியது. பெல்ட் இருந்ததால் ஓட முடிந்தது. மத்தியானம் அந்த அரிசியில் வடித்த சாதத்தைச் சாப்பிட்டபோது, எந்தப் பருக்கை பாட்டியுடையது என்று தேடினேன். எல்லாம் கலந்துபோயிருந்தது.

*

ஊர் திரும்பியதும் காலண்டருக்குப் பின்னால் கையை விட்டேன். ஆர்டரில் கடைசித் தேதிக்கு இன்னும் ரெண்டு நாள் இருந்தது.

வேலைக்குக் கிளம்பின அன்றைக்குக் காலை. டை கட்டிக்கொண்டு, மிஷின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் ஷூவை மாட்டினேன். அப்பா பேப்பரை இறக்கினார். பையை ஒரு பார்வை பார்த்தார்.

"செம்பை எடுத்துண்டியா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. அவர் அதற்குள் பேப்பரை ஏற்றிக்கொண்டுவிட்டார். ஆனால் பேப்பர் லேசாக ஆடியது. சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

முதல் ரெண்டு வாரம் ஒரு மிஷின்கூட விற்கவில்லை. ஆதம்பாக்கத்தில் சாத்தின கதவுகளை வரிசையாக அடுக்கினால் ஒரு ரயிலுக்குப் போதும். ஒவ்வொரு தடவையும், 'எனக்கில்லை, பைக்கு' என்று சொல்லிக்கொண்டே அடுத்த பெல்லை அடிப்பேன். மூணாவது வாரம் முதல் மிஷின் போச்சு. முதல் கமிஷன் பணம் அக்கா கல்யாணத்தில் பூ மாலைச் செலவுக்குச் சரியாக இருந்தது. அப்புறம் வேறு கம்பெனி, வேறு பை, அப்புறம் பை தூக்குகிறவர்களுக்கு மானேஜர் என்று முப்பது வருஷம் ஓடிவிட்டது.

அப்பா போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அக்கா இன்றைக்கு ஒரு பெண்கள் கோஷ்டிக்குத் தலைவி. அவள் வரி எடுத்தால் இருபது பேர் பின்பாட்டு. அந்த நாற்பது பக்க நோட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் பையன் கூப்பிட்டான். டூரில் மூணாவது ஊர். குரலில் சுரத்தே இல்லை.

"அறுநூறு பேர் உட்கார்ற ஹால்ப்பா. வந்தது இருபத்திமூணு பேர். அதுலயும் பாதியில நாலு பேர் எழுந்து போயிட்டாங்க. ரொம்ப அவமானமாப் போச்சு."

"எங்களுக்குத் திருவையாத்துல ஏழு பேர்டா. ரெண்டு பேர் மூங்கில் மேல" என்று ஆரம்பித்து, முழுக் கதையையும் சொன்னேன். பாட்டி, நமஸ்காரம், தாத்தா காதில் சொன்னது, எல்லாம். அவன் குறுக்கே பேசவே இல்லை. அங்கே பஸ் ஹாரன் அடித்தது கேட்டது. கிளம்பணும் போல.

"சரிப்பா, நான் வைக்கறேன்... ஆனா நீங்க கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே. டெனரா, பேஸா? நீங்க என்ன பார்ட்?"

"செம்பு" என்றேன்.